விசேஷம் இல்லாத படம்

"இன்னா விசேஷம்?"

கடை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் பேனர்காரரிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். நிமிர்ந்து பார்க்கமாட்டார். கண் கம்ப்யூட்டரில் இருக்கும், கை மவுஸில் இருக்கும், கேள்வி மட்டும் வாசலுக்கு வரும். கல்யாணம் என்றால் ஒரு ஃபைலைத் திறப்பார். காதுகுத்து என்றால் இன்னொன்று, சாவு என்றால் வேறொன்று. ஒருநாள் கூரியர்காரர் பார்சலோடு வந்து நின்றபோதும் அதையே கேட்டார். "கூரியர் சார்" என்றார் வந்தவர். "செரி, கூரியருக்கு இன்னா சைஸு?" என்றார் இவர்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் நடந்த நல்லது கெட்டது அத்தனையின் பேனரிலும் வலது கீழ் மூலையில் அவர் பெயரும் செல் நம்பரும் இருந்தன. அத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் படிக்காத பெயர் அது. ஊரில் எல்லோருக்கும் அவர் பேனர்காரர்தான். எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நான் அப்போது சிப்காட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நிர்வாக அதிகாரி. நிர்வாகம் என்றால் வேறு யாரும் செய்ய விரும்பாத வேலைகள் என்று பொருள். தண்ணீர் லாரி வரவில்லையா, கேன்டீன் சாம்பாரில் உப்பில்லையா, ஷிப்ட் பஸ் பொன்னேரியிலேயே நின்றுவிட்டதா, கூப்பிடு அவரை. பேனர், போர்டு சமாசாரங்களும் என் தலையில்தான். அதனால் ஆறேழு வருடம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. காலி இடத்தைக் கண்டால் தாங்காது. பேனரில் கையகல இடம் சும்மா கிடந்தால் அவருக்கு மூச்சு முட்டும். உடனே ஒரு மயில், ஒரு தாமரை, இரண்டு அன்னம், நாலு பலூன். கேட்டால் நியாயம் வைத்திருப்பார்.

"காலியா உட்டா கஸ்டமரு இன்னா கேப்பான் தெரியுமா சார்? இவ்ளோ எடம் சும்மா கீதே, எங்க சித்தப்பாவ போட்டிருக்கலாமேன்னு கேப்பான். அன்னத்த வெச்சிட்டா சித்தப்பா நியாபகம் வராது."

எங்கள் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மருக்கு அபாய எச்சரிக்கை போர்டு ஒன்று அவரிடம் செய்யக் கொடுத்தேன். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே 'அபாயம்'. இதில் என்ன கைவரிசை காட்டிவிட முடியும் என்று நானும் கவலைப்படாமல் இருந்தேன். போர்டு வந்தது. மண்டை ஓட்டுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒளிவட்டம். எங்கள் சேஃப்டி ஆபீசர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதுவரை டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் சாய்ந்துகொண்டு நாஷ்டா சாப்பிட்டவர்கள், அந்த போர்டு வந்தபிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் அது அங்கேயே இருந்தது.

முகங்கள் விஷயத்தில் அவர் ஒரு நீதிபதி. பேனரில் யார் தலை எவ்வளவு பெரிது, யார் யாருக்கு மேலே என்பது லேசான காரியம் இல்லை. தாய்மாமன் தலை சித்தப்பன் தலையைவிடச் சிறுத்துப்போனால் அன்றைக்குக் காதுகுத்து நடக்காது. அவர் கடையிலேயே மாமனும் சித்தப்பனும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இவர் பதறவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து, ஸ்கேலால் கம்ப்யூட்டர் திரையை அளந்து காட்டினார். "ரெண்டு தலையும் ஒரே சைஸு. மாமனுக்கு மீசை பெருசு, அதான் பெருசா தெரியுது. மீசைக்கு நான் பொறுப்பு இல்ல" என்றார். தீர்ப்பை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடை வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். பழவேற்காட்டுப் பக்கம், ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். அச்சாகி வருகிற பேனரின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, மூலைகளில் கயிறு கட்டத் துளை போடுவது அவர் வேலை. உள்ளே வெளிச்சம் போதாது என்று வாசல்படியிலேயே உட்கார்ந்து செய்வார். குனிந்த தலை நிமிராது. ஆனால் வாய் சும்மா இருக்காது. "சார், உங்க எம்.டி.க்கு ஏன் எல்லா போட்டோலயும் ஒரே சட்ட? ஒண்ணுதான் வெச்சிகீறாரா?" என்று மடித்துக்கொண்டே கேட்பார். கணவரை "யோவ்" என்றுதான் கூப்பிடுவார். அவர் 'யோவ்' சொன்னால் பஜாரில் நாலு கடைக்குக் கேட்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம், "சார், பசை தீந்துபோச்சுன்னு உள்ள சொல்லுங்க" என்றார்.

உள்ளே என்பது நாலடி தூரம். பேனர்காரர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "மேல் ரேக்குல கீதுன்னு சொல்லுங்க சார்" என்றார் அவர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. நான் வாசலுக்குத் திரும்பி, "மேல் ரேக்குல இருக்காம்" என்றேன். "எட்டலன்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. நிர்வாக அதிகாரி வேலைக்குக் கும்மிடிப்பூண்டியில் எல்லையே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நானே ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பேனர்காரரை டீக்கடைக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். அவர் சொல்லவே கூச்சப்பட்டார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தை இல்லை. கடைக்கு வருகிற பெண்கள் பேனருக்கு அளவு சொல்லிவிட்டு, வாசலில் இருக்கும் அந்த அம்மாவிடம் குனிந்து, "உனக்கு எதுனா விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எட்டு வருடமாக இதே கேள்வி. கேட்பவர்கள் நல்லவர்கள்தான், அதுதான் கொடுமை. அந்த அம்மா தலை நிமிராமல், "ஒண்ணும் இல்லக்கா" என்று ஓரத்தை மடித்துக்கொண்டிருப்பார். விசேஷ வீடுகளுக்குப் போவதையும் மெல்லக் குறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில் அந்த அம்மாவின் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. பேனர் இவர் கடையில்தான் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு வீட்டு ஜோடிகளும் வரிசையாக நிற்கிற மாதிரி, முப்பது தலை கொண்ட பேனர். அக்கா என்ற முறையில் இவர் மனைவிக்கு மேல்வரிசையில் இடம். தங்கையின் மாமியார் போன் செய்து, "தப்பா நெனைக்காதீங்க தம்பி, மொத வளைகாப்பு, புள்ள இல்லாதவ படம் வாணாம்" என்றிருக்கிறார். இவர் சண்டை வேண்டாமே என்று நினைத்தார். மனைவியிடம் சொல்லவும் இல்லை. தன் படத்தையும் மனைவி படத்தையும் பேனரிலிருந்து எடுத்துவிட்டார். மேல்வரிசையில் இரண்டு தலை அளவுக்குக் காலி இடம் விழுந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"காலியா கீதேன்னு..." என்று இழுத்தார். "ரெண்டு அன்னம் வெச்சேன் சார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது.

பேனர் அச்சாகி வெளியே வந்தது. வழக்கம்போல ஓரம் மடிக்க அந்த அம்மா மடியில் போட்டுக்கொண்டார். மேல் ஓரத்தை மடிக்கும்போது பார்த்துவிட்டார். அம்மா, அப்பா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அன்னம், அன்னம். ஒன்றும் பேசாமல் நாலு ஓரத்தையும் மடித்து ஒட்டி, துளை போட்டு, சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார். எழுந்துபோகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "என் எடத்த காலியாவாச்சும் உட்ருக்கலாம் இல்ல?"

அதற்குப்பிறகு இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. சமைத்து வைக்கிறார், கடைக்கு வருகிறார், ஓரம் மடிக்கிறார். யோவ் மட்டும் இல்லை. "அந்த யோவ் இல்லாம ஊடு பேஜாரா கீது சார்" என்றார் பேனர்காரர். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு ஹாலந்திலிருந்து இரண்டு பேர் பம்பு வாங்க வருவதாக ஏற்பாடாயிற்று. வரவேற்பறைச் சுவரில் அவர்கள் ஊர்ப் படம் ஒன்று பெரிதாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று எம்.டி.க்குத் தோன்றியது. அவர் மகள் இன்டர்நெட்டிலிருந்து ஒரு பழைய ஓவியத்தை எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். போனை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றேன்.

"இன்னா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. ஒரு படம் பெருசா போடணும். ரிசப்ஷன்ல மாட்ட."

"ரிசப்ஷனா? கல்யாணம் என்னிக்கு சார்?"

"கல்யாண ரிசப்ஷன் இல்லய்யா, ஆபீஸ் ரிசப்ஷன்."

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். பழைய செங்கல் வீடு ஒன்று, பாதி தெருவை அடைத்துக்கொண்டு. சுவரில் வெடிப்பு, வெடிப்பின்மேல் பூச்சு. திறந்த வாசலில் ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்துச் சந்தில் இன்னொரு பெண் ஒரு பீப்பாய்மேல் குனிந்து ஏதோ வேலையாக இருக்கிறாள். வாசலுக்கு முன்னால் தரையில் இரண்டு பிள்ளைகள் மண்டியிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடுகின்றன. மேலே கொஞ்சம் மேகம். அவ்வளவுதான்.

"யாரு ஊடு சார் இது?"

"யார் வீடோ. ஹாலந்துல ஒரு தெரு."

"இதுல மெயினு யாரு?"

"யாரும் மெயின் இல்ல."

"ஊட்டுக்குக் கிரகப்பிரவேசமா?"

"பழைய வீடுய்யா. சுவரப் பாரு."

"அதான் பாத்தேன், வெடிச்சிகினு கீது. சார், ஒருத்தராச்சும் நம்மள பாக்கறாங்களா? போட்டோ எடுக்கசொல்லோ இங்க பாருங்கன்னு யாரும் சொல்லலியா?"

"போட்டோ இல்ல, கையால வரைஞ்சது. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க எல்லாம் செத்துப்போயாச்சு."

அவர் முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? நினைவஞ்சலி!" என்று சாவு ஃபைலைத் திறந்தார்.

அதை மூடவைத்து, படத்தில் ஒன்றையும் சேர்க்கக்கூடாது, ஒன்றையும் எடுக்கக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. மேகத்துக்கு நடுவில் எங்கள் எம்.டி. கைகூப்பிக்கொண்டு நின்றார், அதே சட்டை. கூரையில் இரண்டு மயில். சந்துக்கு மேலே வளைவாக 'நல்வரவு'. சுவருக்கு ரோஜா நிறத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார், வெடிப்பு ஒன்றுகூட இல்லை. நான் போன் செய்து கத்தினேன்.

"வெடிச்ச சுவத்த வெள்ளக்காரனுக்குக் காமிக்கறதா சார்? அவன் ஊரு மானம் போவுதே" என்றார்.

"அவன் ஊர் மானத்த அவன் பார்த்துப்பான். எல்லாத்தையும் எடு."

"வானம் மொட்டையா பூடும் சார்."

"போகட்டும்!"

அன்று மாலைக்குள் மூன்று போன். முதல் போனில், "சார், வாசல்ல குந்திகினு கீற அம்மாவுக்கு மூக்கே இல்ல. நான் ஒண்ணு வெச்சிடட்டுமா?" இரண்டாவதில், "ரெண்டு புள்ளைங்களும் முதுக காமிச்சிகினு கீதுங்க. நம்மகிட்ட வேற புள்ளைங்க போட்டோ கீது, மாத்தி வெச்சிடட்டுமா?" மூன்றாவதில் வெறும் மூச்சு. "இன்னாய்யா?" என்றேன். "ஒண்ணும் இல்ல சார். வானத்த பாத்துகினு கீறேன்" என்று வைத்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், போனில் வந்த சின்னப் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் செங்கலெல்லாம் அல்வாவாகக் குழையும். ஒவ்வொரு செங்கலையும் பெரிதாக்கி, ஓரம் கட்டி, கூர்மைப்படுத்தவேண்டும். ரோஜா நிறத்துக்காக ஒருமுறை செய்திருந்தார். இப்போது மறுபடி முதலிலிருந்து, வெடிப்பையும் பூச்சையும் சேர்த்து, கல் கல்லாக உட்கார்ந்தார். இரண்டு நாள் போனே வரவில்லை. அவரிடமிருந்து சத்தம் வராவிட்டால்தான் எனக்குப் பயம். மூன்றாம் நாள் நேரில் போனேன்.

வாசலில் அந்த அம்மா யாருடைய மஞ்சள் நீராட்டு பேனருக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தேன். 'இன்னா விசேஷம்' வரவில்லை. திரையில் படம் பெரிதாக்கப்பட்டு, தைக்கிற பெண் மட்டும் தெரிந்தாள்.

"சார், இங்க வாங்க" என்றார் மெதுவாக. "இந்தம்மா தைக்கிதுன்னு சொன்னீங்க. தைக்கல சார். ஓரம் மடிக்கிது."

"துணிய வெச்சிருக்கு, தைக்கிதோ மடிக்கிதோ..."

"மடிக்கிது சார். எனக்குத் தெரியாதா? குனிஞ்ச தலய பாருங்க. இப்ப வெளிய பாருங்க."

பார்த்தேன். அதே வாசல்படி, அதே குனிவு, அதே வெள்ளை வெளிச்சம் கழுத்தில்.

"மூக்கு வெக்கலாம்னு போனேன்" என்றார். "குனிஞ்சிகினு வேல செய்றவங்களுக்கு மூக்கு தெரியாது சார். எட்டு வருஷமா இங்க உக்காந்துகினு பாக்குறேன், எனக்கே இப்பதான் தெரியுது. இத வரைஞ்ச ஆளு பெரிய வெவரமானவன் சார். எதுனா விசேஷம் வரட்டும், எல்லாரும் புதுத்துணி கட்டிகினு நிக்கட்டும்னு காத்துகினு இல்ல பாருங்க. சும்மா ஒரு நாள்ல போயி வரைஞ்சிகிறான்."

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "ஊர்ல எல்லா மூஞ்சியும் இவ கைல மடிஞ்சிதான் வெளிய போவுது. இவ மூஞ்சி ஒரு பேனர்லயும் வந்தது இல்ல சார். எங்கூட்ல விசேஷம் வந்தாத்தான?"

"வியாழக்கிழமைக்குள்ள படம் வேணும்" என்று மட்டும் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படம் சொன்ன நாளில் வந்தது. மயில் இல்லை, எம்.டி. இல்லை, வானம் மொட்டையாக, அழகாக இருந்தது. ஹாலந்துக்காரர்கள் வந்தார்கள். இளையவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனில் மூழ்கிவிட்டார். பெரியவர் நின்றார். கிட்டே போனார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சன்னலுக்குக் கீழே சுவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே, முந்நூறு வருடத்துச் செங்கல் சுவரில், பேனர்காரரின் பெயரும் பத்து இலக்க செல் நம்பரும் இருந்தன.

வரைந்தவரின் கையெழுத்து இருக்கிற இடமாம் அது. பெரியவர் விளக்கிச் சொன்னார். எங்கள் எம்.டி. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது. அன்று மாலையே போனில் பிடித்தேன்.

"ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் எடுக்காதன்னு சொன்னேனே!"

"நான் சேக்கல சார். அங்க ஏற்கெனவே எவனோ பேரு போட்டிருந்தான். வேற ஏதோ பிரஸ்காரன், நம்ம எடத்துல தொழில் பண்றான் போலன்னு அழிச்சிட்டு நம்ம நம்பர போட்டேன்." பிறகு, "அது அந்த வரைஞ்சவரு பேரா சார்?" என்றார்.

"ஆமா."

"ஐயோ! அவரையா நான் அழிச்சேன்?" என்றவர் உண்மையிலேயே கலங்கிப்போனார். அந்த வளைகாப்புப் பேனருக்குக்கூட அவர் என்னிடம் அப்படி வருந்தவில்லை என்று அப்போது நினைத்தேன். நான் நினைத்தது தப்பு.

ஹாலந்துக்காரர்கள் பம்பு வாங்கினார்கள், அது பம்பின் தரத்தால். எம்.டி. அந்த நம்பரை எடுத்துவிட்டு அசல் கையெழுத்தைப் போட்டு வாங்கிவரச் சொன்னார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அதற்காகப் பஜாருக்குப் போனேன்.

கடை நெற்றியில், எப்போதும் மாதிரி பேனர்கள் தொங்குகிற இடத்தில், பத்தடி அகலத்துக்குப் புதுசாக ஒன்று தொங்கியது. எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்து எடுத்த போட்டோ. லாரி அதிர்வில் கீறல் விட்ட கடைச் சுவர். மேலே ரோலிங் மில் புகை கலந்த பஜார் வானம். பக்கத்துச் சந்தில், பிளாஸ்டிக் டிரம்முக்குள் குனிந்து தண்ணீர் மொள்ளும் பக்கத்து வீட்டு அம்மா. வாசல்படியில் குனிந்த தலையோடு ஓரம் மடித்துக்கொண்டு அவர் மனைவி. மூக்கு தெரியவில்லை. எழுத்து ஒன்றும் இல்லை. வலது கீழ் மூலையில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை.

நான் முதலில் தேடியது வாசலுக்கு முன்னால் இருக்கும் தரையைத்தான். அசல் படத்தில் இரண்டு பிள்ளைகள் விளையாடும் இடம். இந்த மனிதர் அங்கே எதையாவது வைத்துத் தொலைத்திருப்பாரோ என்று பயந்தேன். அவர் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. வெயில் விழுந்த வெறும் சிமென்ட் தரை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

கடைக்குள் அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஏறக்குறைய ஒளிந்திருந்தார். "அவ மார்க்கெட்டுக்குப் போயிகிறா சார். வந்து பாத்தா இன்னா சொல்லுவா? ஊரே கேக்குமே சார், இன்னா விசேஷம்னு. அவளுக்கு அந்த வார்த்தையே ஆவாது. கழட்டிடட்டுமா?"

கழற்ற நேரமில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அந்த அம்மா கூடையோடு இறங்கினார். அதற்குள் டீக்கடைக்காரர், பூக்காரம்மா, தண்ணீர் மொண்ட அம்மா என்று ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தண்ணீர் மொண்ட அம்மாவுக்குத் தன் முதுகு பேனரில் வந்தது பெருமையா அவமானமா என்று முடிவாகவில்லை. எல்லோரும் வழிவிட்டார்கள். அந்த அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே பேனர்காரர் மவுஸை இறுகப் பிடித்திருந்தார்.

பூக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, உன்ன போட்டுகீது? உங்கூட்ல இன்னா விசேஷம்?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அந்த அம்மா பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவ்வாக்கெழம" என்றார்.

பூக்காரம்மா விழித்தார். "அதுக்கு?"

"அதுக்குத்தான்."

டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். அந்த அம்மா சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பேனருக்கு அருகில் போனார். கீழ் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு ஓரிடத்தில் ஒரு விரல், ஓரிடத்தில் மூன்று விரல், பசை வழிந்து காய்ந்திருந்தது.

"யோவ்!"

பஜாரில் நாலு கடைக்குக் கேட்டது. பேனர்காரர் எழுந்து ஓடிவந்தார். வருகிற வேகத்தில் பசை டப்பாவை உதைத்துக் கொட்டிவிட்டார்.

"எவன்யா இதுக்கு ஓரம் மடிச்சது?"

"நான்தான்" என்றார் அவர்.

"தெரியுது. எறக்கு மொதல்ல."

நானும் ஒரு பக்கம் பிடித்தேன், இறக்கினோம். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து பேனரை மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டிய ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். படத்திலிருந்த அவர் முகம் அவர் மடியிலேயே கிடந்தது. மறுமுனை தரையில் படாமல் பேனர்காரர் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "இழுக்காதய்யா, மூஞ்சி கிழிஞ்சிடும்" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல். அவர் இழுக்காமல் பிடித்துக்கொண்டார்.